கரையில் ஒரே இழுப்பில் பிடிக்கும் எஞ்சின், கடலுக்குள் நின்றால் திரும்பப் பிடிப்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

பாசையூரான்
ஞாயிறு, மாலை 5.40

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், இரண்டடிப்பு (டூ ஸ்ரோக்) பெற்றோல் எஞ்சின். சமாதான காலத்தில் 2003 இல் அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. பதினெட்டரை அடி பைபர் வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறோம். பின்னேரம் வலை விட்டு, விடிய நாலு மணிக்குப் போய் இழுப்போம்.

விடிய வெளிக்கிடும்போது எஞ்சின் ஒன்று, இரண்டு இழுப்பில் பிடித்துவிடும். வலைக்குப் போகும் வரை ஒரு குறையும் இல்லை. எஞ்சினை நிறுத்தி வலை இழுக்க ஒன்றரை மணித்தியாலம் போகும். பிறகு கரைக்குத் திரும்ப இழுத்தால் ஸ்ரார்ட் வராது. முப்பது, நாற்பது தடவை இழுத்து கை மரத்துப்போகும். போன கிழமை இரண்டு நாள் மண்டைதீவுப் பக்கமிருந்து கம்பு ஊன்றியே வந்தோம். நண்டு வெயிலில் செத்து விலை பாதியாகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விட்டு இழுத்தால் உடனே பிடிக்கிறது! அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒரு மணித்தியாலம் கழித்து இழுத்தாலும் பிடிக்கிறது. பிளக் இரண்டும் புதிது. அப்பாவுக்கு இப்போது கடலுக்கு வர ஏலாது. தம்பியும் நானும்தான். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.


கரைவலை
ஞாயிறு, இரவு 7.15

தம்பி, முதலில் சின்ன விசயங்களைப் பாருங்கள். பெற்றோல் தாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் பெற்றோல் குறையக் குறைய தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் இழுக்க முடியாமல் நிற்கும். அப்படி என்றால் பெற்றோல் குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் தட்டையாக ஒட்டிப்போய் இருக்கும், பார்த்தவுடன் தெரியும். கையில் கட்டும் சிவப்பு நாடாவின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா? அது கழன்றால் எஞ்சின் ஓடாது. வலை இழுக்கும் அவசரத்தில் அது கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் அரை மணித்தியாலம் கயிறு இழுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கியர் நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிளக் புதிது என்கிறீர்கள், என்ன இலக்கம்? பி7எச்எஸ் என்பதும் பி7எச்எஸ்-10 என்பதும் ஒன்றல்ல. 10 என்று முடிந்தால் பொறி பாயும் இடைவெளி 1 மி.மீ. வைத்து வருகிறது. எஞ்சின் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும்.


மயிலிட்டிக் கடல்
ஞாயிறு, இரவு 8.02

இது சூடானால் வரும் கோளாறு. பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டி அல்லது அதற்கு மின் கொடுக்கும் சுருள் போய்க்கொண்டிருக்கிறது. குளிரில் நன்றாக வேலை செய்யும், சூடேறினால் பொறி நின்றுவிடும், ஆறினால் திரும்ப வரும். என் 25 குதிரைவலு எஞ்சினில் இதுவே நடந்தது. காபரேற்றரை மூன்று தரம் கழற்றிப் பூட்டி இரண்டு மாதம் வீணாக்கினேன். கடைசியில் சிடிஐ மாற்றியபின்தான் சரி வந்தது. உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். தாமதிக்காமல் மாற்றுங்கள்.


பாசையூரான்
ஞாயிறு, இரவு 9.20

கரைவலை அண்ணை, காற்றுத் திருகு திறந்துதான் இருக்கும். நாடா கிளிப்பும் பார்த்தேன், சரி. பிளக் பி7எச்எஸ்-10, பழையதைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கியது.

மயிலிட்டி அண்ணை, சிடிஐ விலை கேட்டேன். இப்போதைய நிலைமையில் இரண்டு கிழமை உழைப்பு அதற்கே போய்விடும். அதுதான் பிழை என்று நிச்சயமாகத் தெரிந்தால் கடன் பட்டாவது வாங்குவேன். தெரியாமல் வாங்கப் பயமாக இருக்கிறது.


தீவகத் திருத்துநர்
ஞாயிறு, இரவு 10.45

தம்பி, சிடிஐ வாங்க அவசரப்பட வேண்டாம். மயிலிட்டித் தம்பி சொல்வது நடக்காத விசயமில்லை, ஆனால் சூடு பற்றிய கதை உங்களுடையதற்கு முழுதாகப் பொருந்தவில்லை. வீட்டில் அரை மணித்தியாலம் ஓடிச் சூடாகி, நிறுத்தி இழுத்தபோதும் பிடித்திருக்கிறது. கடலில் ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தியிருக்கிறீர்கள், அதுவும் விடியற்காலை. அந்த நேரத்துக்குள் எஞ்சின் ஆறியிருக்கும். ஆறிய எஞ்சின் சூட்டுக் கோளாறு காட்டாது.

இந்த வேலையில் முப்பது வருசத்துக்கு மேல் நிற்கிறேன். ஸ்ரார்ட் வரவில்லை என்று கொண்டுவரும் எஞ்சின்களில் பாதிக்கு மேல் யாரோ அனுமானத்தில் எதையாவது மாற்றிய பிறகுதான் என்னிடம் வரும். எனக்கு அது மனவருத்தம். உழைத்த காசு வீணாகிறது. இரண்டடிப்பு எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: பெற்றோல், பொறி, அமுக்கம். எது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டிய இடம் உங்கள் வீட்டு முற்றம் அல்ல. அது எங்கே நிற்கிறதோ அங்கே, அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். நாளை கடலுக்குப் போகும்போது பிளக் ஸ்பனர், பழைய பிளக் ஒன்று, ரோச் லைற், துடைக்கத் துணி கொண்டுபோங்கள். எஞ்சின் நின்றதும் ஒழுங்காக இவற்றைப் பாருங்கள்.

கயிற்றை இழுத்தவுடன் என்ன நடக்கிறது? ஒரு சத்தமும் இல்லையா, அல்லது பிடித்துச் சற்று ஓடிவிட்டு நிற்கிறதா? இதைத்தான் முதலில் எழுத வேண்டும். 'பிடிக்கவில்லை' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு வருத்தங்கள் இருக்கின்றன.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனை நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறியைச் சந்தேகிக்கலாம், அல்லது சோக் இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை, சிடிஐயை மறந்துவிடலாம்.

பொறி பார்க்க, கொண்டுபோன பழைய பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சின் உடம்பில் நன்றாகத் தொடும்படி வைத்து இழுங்கள். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று வந்தால் நல்லது. இரண்டு எச்சரிக்கை. கழற்றிய பிளக் துளைக்குப் பக்கத்தில் பொறி பார்க்கக் கூடாது, துளையிலிருந்து வரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். துணியால் துளையை அடைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்தது, பிளக் தொப்பியை எதிலும் தொடாமல் அந்தரத்தில் விட்டு இழுக்க வேண்டாம். நல்ல சிடிஐயும் அதனால் போகலாம்.

அமுக்கத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். கரையில் ஒரே இழுப்பில் பிடிக்கும் எஞ்சினுக்கு அமுக்கம் இருக்கிறது.


நெடுந்தீவான்
திங்கள், காலை 7.30

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். போன வாடைக்கு எங்கள் எஞ்சின் வள்ளத்தோடு கவிழ்ந்து உப்புத் தண்ணீருக்குள் போனது. தூக்கி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். பிறகு கயிறு அசையவே இல்லை. இப்படியானால் என்ன செய்ய வேண்டும்?


தீவகத் திருத்துநர்
திங்கள், காலை 8.10

காயவைத்ததுதான் பிழை, தம்பி. எல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்வது அது. எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்போது அவ்வளவு துரு பிடிக்காது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் உப்பு தன் வேலையைத் தொடங்கும். மணித்தியாலக் கணக்கில் பெயாரிங்குகள் துருப்பிடித்து இறுகிவிடும்.

தூக்கியவுடன் நல்ல தண்ணீரால் முழுதாகக் கழுவ வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சரித்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் வலிந்து இழுக்கக் கூடாது, உள்ளே தண்டு வளைந்திருக்கலாம். காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சுழற்றி, அன்றைக்கே ஸ்ரார்ட் பண்ணி அரை மணித்தியாலமாவது ஓடவிட வேண்டும். அன்றைக்கு ஏலாவிட்டால், திருத்துபவரிடம் கொண்டுபோகும் வரை நல்ல தண்ணீர்ப் பீப்பாய்க்குள் முழுதாக மூழ்கடித்து வையுங்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் எஞ்சினைக் காக்கும்.

உங்கள் எஞ்சினைக் கழற்றாமல் ஒன்றும் சொல்ல முடியாது. குறிகாட்டுவானுக்கு வரும் படகில் ஏற்றிவிட முடியுமென்றால் தனியே தகவல் அனுப்புங்கள்.


பாசையூரான்
செவ்வாய், காலை 10.25

தீவகத் திருத்துநர் அண்ணைக்கு நன்றி. இன்று விடிய நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன்.

முதலாவது கேள்விக்குப் பதில்: பிடிக்கிறது! இதை நான் முதலில் எழுதாதது என் பிழை. வலை இழுத்து முடிந்து முதல் இழுப்பிலோ இரண்டாவதிலோ பிடிக்கும். ஏறக்குறைய அரை நிமிடம் நன்றாக ஓடும். நங்கூரம் எடுத்து கியர் போடுவதற்குள் மூச்சு அடங்குவதுபோல மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை தரம் இழுத்தாலும் ஒன்றும் இல்லை.

பிளக் கழற்றினேன். காய்ந்திருந்தது. பழைய பிளக்கை வைத்துப் பார்த்தேன், இரண்டு சிலிண்டருக்கும் நீலப் பொறி வருகிறது. தம்பியும் பார்த்தான்.


மயிலிட்டிக் கடல்
செவ்வாய், காலை 11.05

சரி, பொறி வருகிறது என்றால் நான் சொன்னது இதற்குப் பொருந்தாது. வாங்காமல் இருந்தது நல்லது தம்பி. அப்படியானால் பெற்றோல் வழிதான். காபரேற்றருக்குள் பெற்றோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டதா? அல்லது பெற்றோலுக்குள் தண்ணீரா? தாங்கியின் அடியில் இருப்பதைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணித்தியாலம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே வேறாகப் பிரிந்து நிற்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், மண்ணெண்ணெய் கலக்கிறீர்களா? எங்கள் பக்கம் பலர் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும், ஆறிய எஞ்சின் அதில் பிடிக்காது.


பாசையூரான்
செவ்வாய், நண்பகல் 12.15

இல்லை அண்ணை. முன்பு அப்பா கொஞ்சம் கலப்பார். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனதிலிருந்து அந்த எண்ணமே இல்லை. 92 ஒக்ரேன் பெற்றோலும் இரண்டடிப்பு எண்ணெயும் மட்டும்தான், 50க்கு 1. பத்து லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் அளந்து ஊற்றுகிறோம்.

போத்தலில் எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் நகம் அளவு தண்ணீர் இருந்தது. முழுவதையும் ஊற்றித் தாங்கியைக் கழுவிப் புதிதாக நிரப்பியிருக்கிறேன். காபரேற்றரையும் கழற்றப் போகிறேன்.


குருநகர் மகள்
செவ்வாய், பிற்பகல் 2.30

காபரேற்றரைக் கழற்ற முன் ஒரு கேள்வி, தம்பி. நான் எஞ்சின் திருத்துபவள் அல்ல, ஆனால் அப்பாவோடு பத்து வருசம் இறால் வலைக்குப் போயிருக்கிறேன்.

வீட்டில் பீப்பாய்க்குள் ஓட்டியபோது பெற்றோல் தாங்கியை எங்கே வைத்தீர்கள்? விடிய கரையில் ஸ்ரார்ட் பண்ணும்போது எங்கே இருக்கும்? வலை இழுக்கும்போது எங்கே இருக்கும்?

அரை நிமிடம் ஓடிவிட்டு நிற்பது என்றால், காபரேற்றர்க் கிண்ணத்துக்குள் ஏற்கனவே இருந்த பெற்றோல் முடியும் வரை ஓடுகிறது, புதிதாக ஒன்றும் வந்து சேரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.


பாசையூரான்
செவ்வாய், பிற்பகல் 3.05

அக்கா, வீட்டில் தாங்கியை மதிலுக்கு மேல் வைத்தேன், குழாய் எட்டுவதற்காக. விடிய தோளில் தாங்கியைக் கொண்டுவந்து பின் குறுக்குப் பலகையில் வைத்துத்தான் குழாயைக் கொழுவுவேன். எஞ்சின் பிடித்த பிறகு கீழே இறக்கி வள்ளத்தின் அடியில் தள்ளிவிடுவேன், வலைக்கு இடம் வேண்டும் அல்லவா. வலை இழுக்கும்போது அடியில்தான் இருக்கும்.

இப்போதுதான் இதை யோசிக்கிறேன். பிடிக்கும் இடங்களில் எல்லாம் தாங்கி உயரத்தில் இருந்திருக்கிறது.


தீவகத் திருத்துநர்
செவ்வாய், மாலை 4.40

பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

உயரத்தில் வைத்தால் பெற்றோல் தன் பாரத்தாலேயே இறங்கி வருகிறது, யாரும் இழுக்கத் தேவையில்லை. அடியில் வைத்தால் எஞ்சினில் இருக்கும் சிறிய சவ்வுப் பம்ப் ஒரு முழம் உயரத்துக்கு இழுக்க வேண்டும். அந்தப் பம்ப் நல்ல நிலையிலும் பெரிய வலிமையுள்ளது அல்ல. எஞ்சினின் அடிப்பெட்டியில் ஏறி இறங்கும் அழுத்தத்தால் சவ்வு துடித்து இழுக்கும், அவ்வளவுதான். வழியில் எங்காவது காற்று உள்ளே வந்தால் பெற்றோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். வேகமாக ஓடும்போது துடிப்பு பலமாக இருப்பதால் சமாளிக்கும். நிறுத்தி ஒன்றரை மணித்தியாலம் விட்டால், குழாயில் நின்ற பெற்றோல் மெல்லத் தாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். வெறுங்குழாயை மெதுவாக ஓடும் எஞ்சின் திரும்ப நிரப்ப முடியாது.

அப்படி இறங்காமல் பிடித்து வைப்பதற்குத்தான் ரப்பர் பம்பின் இரண்டு முனையிலும் வால்வு இருக்கிறது. தம்பி, ஸ்ரார்ட் பண்ண முன் அந்தப் பம்பை அமுக்கினால் கல்லுப்போல இறுகுகிறதா?


பாசையூரான்
செவ்வாய், மாலை 5.10

இல்லை அண்ணை. எவ்வளவு அமுக்கினாலும் மெத்தென்றே இருக்கும். கன காலமாக அப்படித்தான், ரப்பர் பழசு என்று விட்டுவிட்டோம். பலகையில் தாங்கியை வைத்தால் சற்று இறுகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் குழாய் வெடித்துவிட்டது. அப்போது சாமான் ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடிபோலத் தெரியும் சாதாரணப் பிளாஸ்ரிக் குழாய் ஒரு துண்டு வாங்கி, இரும்புக் கம்பி சுற்றிக் கட்டினோம். அது இப்போதும் இருக்கிறது.


தீவகத் திருத்துநர்
செவ்வாய், மாலை 5.50

சரி. பிழை அங்கேதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் கடலில் உறுதிப்படுத்திவிட்டு வாங்குங்கள். நாளை வலை இழுத்து முடிந்ததும் தாங்கியை அடியிலேயே விட்டு ஸ்ரார்ட் பண்ணுங்கள். எஞ்சின் மூச்சு அடங்கத் தொடங்கும்போது தம்பி ரப்பர் பம்பை விடாமல் அமுக்கட்டும். உயிர் வந்தால் எஞ்சினிலோ பொறியிலோ ஒன்றும் இல்லை, தாங்கிக்கும் காபரேற்றருக்கும் இடையில்தான் வருத்தம். நிறுத்திவிட்டு அடுத்த தடவை தாங்கியைப் பலகையில் தூக்கி வைத்துப் பாருங்கள்.

அமுக்கும்போது பம்பை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். படுத்துக் கிடந்தால் தேய்ந்த வால்வு சரியாக மூடாது. பலரும் கவனிக்காத விசயம் இது.

தாங்கியை நிரந்தரமாக உயரத்தில் வைத்து ஓட்டலாமே என்று நினைக்க வேண்டாம். காபரேற்றரின் ஊசி வால்வு ஒரு நாள் சரியாக மூடாவிட்டால் தாங்கியில் உள்ள பெற்றோல் முழுவதும் வழிந்து வள்ளத்துக்குள் வந்துவிடும். ஒரு தீக்குச்சி போதும்.


ஒஸ்லோ வாசி
செவ்வாய், இரவு 8.20

நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன், இப்போது நோர்வேயில். இங்கே கோடையில் மட்டும் படகு ஓட்டுவதால், பெற்றோலைக் காபரேற்றரில் விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து இழுத்தால் எல்லாம் பிசினாகி ஜெற் (பெற்றோல் போகும் சிறு துளை) அடைத்திருக்கும். கழற்றும்போது கம்பியால் ஜெற்றைக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கழுவும் திரவம் விட்டுக் காற்றால் ஊதுங்கள். உங்களுக்கு இது தேவைப்படாமலும் போகலாம், தினமும் ஓடும் எஞ்சினில் பிசின் சேருவது குறைவு.


கரைவலை
செவ்வாய், இரவு 9.35

வாசிக்க வாசிக்கப் பழைய நினைவு வருகிறது. 1990க்குப் பிறகு, யுத்த கால பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம் இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் நாலு துளி பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் பீச்சிவிட்டு உதைத்துப் பிடிக்க வைப்போம். பிடித்த பிறகு மண்ணெண்ணெயில் போகும். வள்ள எஞ்சினையும் அப்படித்தான் எழுப்பினோம். யுத்தத்தால் தரைப்பாதை மூடிக் கிடந்து, கிளாலிக் கடலால் சனம் இரவில் போய் வந்த நாட்களில், எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வெளிக்கிட முன் குழாய், பிளக், தாங்கி எல்லாம் கையால் தடவிப் பார்க்காமல் ஒருவரும் கரையை விட்டு நகர மாட்டார்கள்.

அந்தப் பிளாஸ்ரிக் குழாய் பற்றித் திருத்துநர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. பெற்றோல் பட்டால் அது முதலில் ஊதும், பிறகு கல்லாகும். கல்லான குழாயை எவ்வளவு கம்பி கட்டி இறுக்கினாலும் காற்று போகும்.


பாசையூரான்
புதன், காலை 9.50

அண்ணை, அக்கா, எல்லோருக்கும் நன்றி! செய்து பார்த்தேன்.

தாங்கி அடியில் இருக்கும்போது வழக்கம்போலப் பிடித்து, அரை நிமிடத்தில் அடங்கத் தொடங்கியது. தம்பி பம்பை நிமிர்த்திப் பிடித்து அமுக்கினான். உடனே உயிர் வந்தது. அவன் கையை எடுத்தால் அடங்கும், அமுக்கினால் எழும்பும். பிறகு நிறுத்திவிட்டுத் தாங்கியைப் பலகையில் தூக்கி வைத்தேன். ஒரு நிமிடம் பொறுத்து இழுத்தேன், பிடித்தது, நிற்கவே இல்லை. கம்பு இல்லாமல் கரைக்கு வந்தோம்.

குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்ரிக் துண்டின் முனையில், கம்பி இறுக்கிய இடத்தில் மயிர்போல இரண்டு வெடிப்பு. எஞ்சினில் கொழுவும் முனைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகி, ஒரு பக்கம் நறுக்கினதுபோல் இருக்கிறது. ரப்பர் பம்பின் வால்வைச் சைக்கிள் பம்பால் ஊதிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் காற்றுப் போகிறது.


தீவகத் திருத்துநர்
புதன், காலை 11.20

மூன்றும் சேர்ந்துதான் விளையாடியிருக்கின்றன. வெடிப்பாலும் வளையத்தாலும் காற்று உள்ளே வந்தது, வால்வு இல்லாததால் பெற்றோல் திரும்ப இறங்கியது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் எஞ்சின் சமாளித்திருக்கும்.

வாங்க வேண்டியவை: பெற்றோலுக்கென்றே செய்த ரப்பர்க் குழாய், புதிய ரப்பர் பம்ப், கொழுவும் முனை இரண்டு. முனையில் வளையம் மட்டும் மாற்றலாம், ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருந்தால் முழுதாக மாற்றுவது நல்லது. பழைய துண்டைக் கையில் கொண்டுபோய் உள்விட்டம் ஒத்ததை வாங்குங்கள், கண்ணளவில் வாங்க வேண்டாம். கட்டுவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம், துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள். பூட்டி முடிந்ததும் பம்பை இறுகும் வரை அமுக்கி, எல்லாப் பொருத்துக்கும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த இடம் சரியில்லை.

இவ்வளவும் மாற்றிய பிறகும் தம்பி அமுக்கித்தான் ஓட வேண்டி இருந்தால், எஞ்சினில் உள்ள பம்பின் சவ்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் தேவையில்லை.


குருநகர் மகள்
புதன், பிற்பகல் 1.00

பிளக் தொப்பிகளையும் ஒரு தரம் பாருங்கள் தம்பி. எங்களுடையதில் உள்ளே பச்சை பிடித்திருந்தது, உப்புக் காற்றுக்கு அது தப்பாது. ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவி, கடைசியில் குழாயைக் கழற்றிவிட்டுக் காபரேற்றர் காயும் வரை ஓடவிடுவோம். தாங்கியை நிரப்பி வைப்போம், பாதித் தாங்கியில்தான் இரவுக் குளிருக்கு ஈரம் படிந்து தண்ணீர் சேரும். உங்கள் போத்தலில் வந்த தண்ணீர் அப்படிச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.


பாசையூரான்
ஞாயிறு, மாலை 6.15

வியாழன் எல்லாம் வாங்கிப் பூட்டினேன். சிடிஐக்குக் கேட்ட விலையில் ஒரு சிறு பங்குதான் முடிந்தது. ரப்பர் பம்ப் எட்டாவது அமுக்கில் கல்லுப்போல இறுகியது. சவர்க்கார நுரையில் தாங்கிப் பக்க முனையில் ஒரு குமிழி வந்தது, கிளிப்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது.

வெள்ளி, சனி, இன்று மூன்று நாளும் தாங்கி அடியில்தான் இருந்தது. வலை இழுத்து முடிந்து இரண்டாவது இழுப்பில் பிடித்தது, தம்பி பம்பைத் தொடவே இல்லை. இன்று ஆறரைக்கே பாசையூர்ச் சந்தையில் நண்டு உயிரோடு நின்றது.

பழைய குழாயை அப்பாவிடம் காட்டினேன். வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, 2022 இல் இதைக் கட்டியது தான்தான் என்றார். புது முனையைக் கொண்டுவரச் சொல்லி, தானே ஒரு தரம் கழற்றிக் கொழுவிப் பார்த்தார்.

குருநகர் அக்கா, தொப்பி ஒன்றில் நீங்கள் சொன்னபடி பச்சை இருந்தது, சுரண்டித் துடைத்திருக்கிறேன்.


தீவகத் திருத்துநர்
ஞாயிறு, இரவு 8.00

சந்தோசம் தம்பி. எஞ்சின் பம்பின் சவ்வு 2003 இலிருந்து மாற்றப்படாமல் இருந்தால், வாடை தொடங்க முன் அதையும் மாற்றிவிடுங்கள். வாங்கப் போகும்போது எஞ்சின் தாங்குசட்டத்தில் இருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், ஒரே குதிரைவலுவிலும் வருசத்துக்கு வருசம் சவ்வு மாறும். பழைய ரப்பர் பம்பை எறிந்துவிடுங்கள், அவசரத்துக்கென்று வள்ளத்தில் வைத்திருக்க வேண்டாம்.


பாசையூரான்
ஞாயிறு, இரவு 8.25

ஓம் அண்ணை, எறிந்துவிட்டேன். இலக்கத்தில் பாதி பெயின்றுக்குள் மறைந்திருக்கிறது, நாளை சுரண்டிப் பார்த்து எழுதுகிறேன்.